மூச்சை இழுத்து விடச் சொல்கிறார்கள்

போன மாசம் எங்கள் வங்கிக் கிளையில் ஒரு வகுப்பு. மன அழுத்தத்தைப் போக்குவது எப்படி என்று. வந்தவர் கண்ணை மூடச் சொன்னார். மூச்சை ஆழமா இழுங்க, மெதுவா விடுங்க என்றார். செய்தேன். கண்ணைத் திறந்தால் எதிரே அதே ஆள். காலையில் என் கவுண்டரில் நூறு ரூபாய் குறைந்தபோது, 'கோட்டாவுல வந்தா இப்படித்தான்' என்று எல்லார் காதிலும் விழச் சொன்னவர். நூறு ரூபாய் பக்கத்துக் கவுண்டரில் கிடைத்துவிட்டது. சொன்ன சொல்லை மட்டும் யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு கட்டையும் மூணு தடவை எண்ணுகிறேன். அவர்கள் தப்புப் பண்ணினால் அசதி. நான் பண்ணினால் தகுதி இல்லை. இந்தப் பயத்தோடு பதினோரு வருஷம் உட்கார்ந்தவனுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

1917இல் பரோடா அரசு அலுவலகத்தில் அம்பேத்கரின் மேசைமேல் பியூன்கள் கோப்புகளைத் தூரத்தில் நின்று எறிந்தார்கள். கொலம்பியாவில் படித்தவருக்கே அது. இன்று கோப்பை எறிவதில்லை, சொல்லை எறிகிறார்கள்.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனேன். மாத்திரை கொடுத்தார்கள், தூங்கினேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாதிப் பாகுபாடில்லாமல் சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். 14416க்குப் போன் போட்டால் காசில்லாமல் பேசலாம். தம்பி தங்கச்சிகளே, தேவைப்பட்டால் போங்க.

ஆனால் மாத்திரை எனக்குத்தான். அந்த ஆளுக்கு என்ன மருந்து? தன் அலுவலக அறையில் வைத்துச் சாதி சொல்லித் திட்டினார் என்று திருச்சி மாவட்ட வருவாய் ஊழியர் ஒருவர் கொடுத்த வழக்கை 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. நாலு சுவருக்குள் வெளியாள் பார்க்காமல் நடந்தது பொதுப் பார்வையில் நடந்ததாகாதாம். நம்மாளுங்க வேலை செய்வதே நாலு சுவருக்குள்தானே!

சம்பளத்துக்குக் கொடி பிடிக்கிற சங்கம் இதைத் தனிப்பட்ட விஷயம் என்கிறது. இல்லை. சாதிச் சொல்லும் பணியிடப் பிரச்சினைதான். கோரிக்கைப் பட்டியலில் அதையும் சேர்க்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. தொடர்பு அலுவலர் பெயருக்கு இருந்தால் போதாது; புகாரை வாங்கி, எழுத்தில் பதில் தர வேண்டும். நாமும் நாள், நேரம், சொன்ன சொல், கேட்டவர் யார் எல்லாம் அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். நான் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்த வகுப்பில் கண்ணை மூடமாட்டேன். எழுந்து கேட்பேன்: அழுத்தத்தைப் பற்றிப் பேசுறீங்களே சார், அழுத்துறவனைப் பற்றி எப்பப் பேசுவீங்க?