காற்றை அளக்குமுன் கைச்சாத்தா?

மன்னார்க் குடாவிலும் பாக்கு நீரிணையிலும் வீசுகின்ற காற்றுக்கு விலை பேசப்படுகின்றது. பேசுவோர் கொழும்பிலும் புதுடில்லியிலும் உலக வங்கியின் மண்டபங்களிலும் இருக்கின்றனர். அந்தக் காற்றை நாள்தோறும் முகத்தில் ஏற்கும் தமிழ் பேசும் மக்களோ, அதன் அளவு யாது என்பதைக் கூட அறியார். நிறுக்காத நெல்லுக்கு விலை சொல்பவனை நமது சந்தையில் என்ன பெயரிட்டு அழைப்பர் என்பதை நாம் எழுத வேண்டுவதில்லை.

வடக்கில் காற்று உண்டு என்பது புதிய செய்தியன்று. கற்பிட்டியிலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணக் குடாநாடு வரையுள்ள கரை, இத்தீவின் சிறந்த காற்றுப் பிரதேசங்களுள் ஒன்றென அமெரிக்க ஆய்வுகூடமொன்று 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட காற்றுப்படம் கூறிற்று. இலங்கை முழுவதிலும் ஏறத்தாழ 20,000 மெகாவாற்றுக்கு இடமுண்டு என்றும் அது மதிப்பிட்டது. 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் எழுந்தன. பின்னர் மன்னாருக்கும் பூநகரிக்குமாக 484 மெகாவாற்றுத் திட்டமொன்று அதானி நிறுவனத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் அமைச்சரவை 20 ஆண்டுகளுக்கு, அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று விலையும் குறித்தது. புதிய அரசாங்கம் 6 சதத்துக்குள் வேண்டுமென்றது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக் கொண்டது.

8.26 சரியா, 6 சரியா? இக்கேள்வியில் பாராளுமன்றமும் பத்திரிகைகளும் மாதக்கணக்கில் மூழ்கின. அந்தக் காற்றின் வேகம் என்ன, எந்த உயரத்தில், எத்தனை மாதம் அளக்கப்பட்டது என்று வினவியவர் எத்தனை பேர்? மின்சாரத்தின் விலையைத் தீர்மானிப்பது அதுவேயன்றோ? காற்றாலைக்கு விறகும் எண்ணெயும் வேண்டா. முதலிட்ட பணத்தைக் காற்றாலையின் ஆயுள் முழுவதும் கிடைக்கும் அலகுகளால் பிரித்தால் வருவதே அலகின் அடக்கவிலையிற் பெரும்பகுதி. காற்றின் அளவை அறிந்தவனுக்கு அடக்கவிலை தெரியும். அறியாதவன் கேட்ட விலையைக் கொடுப்பான், அல்லது வெறுங்கூச்சலிடுவான்.

நமது கமக்காரர் இதனை எளிதில் விளங்கிக் கொள்வர். கார்த்திகை மழையில் நிரம்பி வழியும் கிணற்றைக் காட்டித் தோட்டக்காணி விற்க வருபவனிடம், 'ஆவணியில் இந்தக் கிணறு எப்படி ஊறும்?' என்று கேளாதவர் யார்? காற்றும் அவ்வாறே. வைகாசி முதல் புரட்டாதி வரை சோழகம் மன்னாரைச் சாய்க்கும். மார்கழி, தையில் வாடை வரும். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் பாய்கள் தொங்கிக் கிடக்கும். ஆனியில் மூன்று மாதம் அளந்தவன் குபேரனாகக் கனவு காண்பான். பங்குனியில் அளந்தவன் கடையைக் கட்டுவான்.

கிணற்றுக்கில்லாத இன்னொரு தந்திரமும் காற்றுக்கு உண்டு. காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினால் அதன் வலு மூன்றில் ஒரு பங்கு கூடும். ஏனெனில் வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுவது. வேகத்தில் சிறுபிழை, வலுவில் பெரும்பிழை. வானிலை நிலையங்கள் காற்றை அளக்கும் முறையான உயரம் 10 மீற்றர். இன்றைய கடற்காற்றாலையின் அச்சோ 150 மீற்றர் உயரத்தில் சுழல்வது. கீழே வினாடிக்கு 6 மீற்றர் எனக் கண்டால் மேலே எவ்வளவு? அமைதியற்ற கடற்காற்றுக்குரிய குறைந்த எண்ணை இட்டால் 7.9 வரும். நிலத்துக்கென வழங்கும் எண்ணை இட்டால் 8.8 வரும். இரண்டும் பாடநூலில் உள்ள எண்களே. ஆயினும் வலுவில் வேறுபாடு நூற்றுக்கு 38. (காற்றாலை தன் உச்ச ஆற்றலை எட்டியபின் மேலதிக வேகத்தால் பயனில்லையாதலால் கிடைக்கும் அலகுகளில் வேறுபாடு இதனிற் குறையும், ஆனால் அற்பமாகி விடாது.) எந்த எண் மன்னார்க் கடலுக்குப் பொருந்தும் என்பதை மேலே சென்று அளந்தாலன்றி எவரும் சத்தியம் பண்ண முடியாது.

'கணினி இருக்கின்றதே, உலகக் காற்றுப்படம் இருக்கின்றதே' என்பர் அதிகாரிகள். இருக்கின்றன; நாம் அவற்றை இகழவில்லை. ஐரோப்பிய வானிலை நிலையம் 1940 முதல் மணிக்கு மணி உலகத்தின் காற்றை மீளக் கணித்து இலவசமாகவே வழங்குகின்றது. ஆனால் அக்கணிப்பு உலகைச் சதுரங்களாக வெட்டுவது. நமது அகலாங்கில் ஒரு சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 28 கிலோமீற்றர். மன்னார்த் தீவின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவே! தீவு, கரை, கடல், கழிமுகம் யாவும் ஒரே சதுரத்தில் கரைந்து ஒரே எண்ணாகி விடுகின்றன. பகலில் நிலம் சூடேறக் கடலிலிருந்து எழும் காற்றையும், இரவில் அது அடங்குவதையும், தென்னிந்திய மலைகளுக்கும் நமது மத்திய மலைநாட்டுக்கும் இடைப்பட்ட வாயிலூடாகச் சோழகம் விரைந்து நுழைவதையும் அந்த ஒற்றை எண் எவ்வாறு சொல்லும்? நுண்ணிய மாதிரிகள் உண்டு. 3 கிலோமீற்றருக்கும் 250 மீற்றருக்கும் இறங்குவன. அவையும் மெய்யான அளவோடு ஒத்துப் பார்க்கப்படும் வரையில் மதிப்பீடுகளே. செய்மதி கடலலையின் சொரசொரப்பைக் கொண்டு காற்றைக் கணிப்பது. கரையை அண்மித்தால் நிலத்தின் எதிரொலி கலந்து தடுமாறும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ளது சுமார் 30 கிலோமீற்றர் தூரமே. இருபுறமும் கரை. தடுமாறாமல் என்ன செய்யும்?

எதிர்க்கரையில் இந்திய நிறுவனத்தார் தனுஷ்கோடியில் 100 மீற்றர் கம்பம் நாட்டி அளந்தனர். தமிழ்நாட்டுக் கடலில் எட்டு வலயங்களும் வகுக்கப்பட்டன. இப்பக்கத்தில்? உலக வங்கியார் 2023 இல் நமக்கென ஒரு கடற்காற்று வழிகாட்டி எழுதித் தந்தனர். வழிகாட்டி நல்லதுதான். கடலில் மிதவை எங்கே?

கடற்காற்றை அளக்கும் முறை இரகசியமன்று. மிதவையில் 'லைடார்' என்னும் கருவியை ஏற்றி நங்கூரமிடுவர். அது மேல்நோக்கி ஒளிக்கதிரைச் செலுத்தும். காற்றில் மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பும் ஒளியின் மாற்றத்திலிருந்து 200 மீற்றர் உயரம் வரை வேகத்தை எழுதிக்கொள்ளும். கரையில் நின்றே கடலைத் துருவும் வகையும் உண்டு. நெடுந்தீவிலும் தலைமன்னாரிலும் நிறுத்தலாம். குறைந்தது ஓராண்டு அளந்து, அதனை நீண்டகாலக் கணிப்போடு பொருத்தி இருபது ஆண்டுக் காற்றை மதிப்பிடுவர். அதானி திட்டத்துக்கு முதலிடவிருந்தது 44 கோடி டொலர். மிதவையொன்றை ஓராண்டு இயக்கும் செலவு அதன் நூற்றிலொரு பங்குக்குள் அடங்கும். பணமில்லை என்று சொல்பவர்கள், அளக்காத காற்றுக்கு வங்கிகள் கூட்டும் வட்டியையும், அந்த வட்டியை மின்கட்டணத்தில் நாமே இறுப்பதையும் கணக்கிற் சேர்ப்பார்களா?

யாழ்ப்பாணக் கோட்டையை விரித்துக் கட்டிய ஒல்லாந்தர் வியாபாரம் அறிந்தவர். தங்கள் கடலில் காற்றாலைக்குக் கேள்விப்பத்திரம் கோருமுன் அவர்களது அரசே மிதவை இட்டுக் காற்றை அளந்தது. கடலடி மண்ணையும் துளையிட்டுப் பார்த்தது. அவ்வளவையும் எவரும் பார்க்க வெளியிட்டது. 2018 இல் ஒரு வலயத்துக்கு அரச மானியம் ஒரு சதமும் வேண்டாமென்று நிறுவனமொன்று முன்வந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் யாவர்க்கும் ஒரே கணக்கு முன்னிருந்தமையும் அவற்றுள் ஒன்று.

இனி, நம்மவர் சிலர் கூறும் எளிய மருந்தையும் நாம் சும்மா விடுவதற்கில்லை. 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் வீதிக்கு வந்தனர். வெள்ளம் வடியாத தீவு, வலசைப் பறவைகளின் வழி, இனியும் காற்றாலை இங்கு வேண்டாமென்றனர். அவர்கள் கேட்டது நியாயம். அதைக் கேட்டு, 'அப்படியானால் கடலில் நாட்டுங்கள்' என்று மேடையில் முழங்குவோர் கடலை வெற்றிடமென்று எண்ணுகின்றனரா? பாக்குக் குடா 15 மீற்றரும் ஆழமில்லாத மீன்வயல். இழுவைமடிகளால் ஏற்கெனவே வலையிழந்து நிற்கும் மீனவர் பேசாலையிலும் குருநகரிலும் இருக்கின்றனர். எங்கே காற்று மிகுதி, எங்கே மீன்பாடு மிகுதி என்ற இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாராமல் கடலைக் காட்டுவது, ஒருவன் தலைச்சுமையை மற்றவன் தலையில் ஏற்றுவதேயாகும். கச்சான் எப்போது திரும்பும், கொண்டல் எந்தத் திசையில் முறியும் என்பதை அறிந்த மீனவனே மிதவையை எங்கே இடுவது என்று முதலிற் சொல்லத்தக்கவன்.

தாமதிப்பதற்கும் இடமில்லை. காற்றாலைக் கூட்டமொன்று காற்றைக் குலைக்கும் சுவடு 50 கிலோமீற்றருக்கு அப்பாலும் நீள்வதை ஜேர்மன் கடலில் விமானம் கொண்டு அளந்திருக்கின்றனர். எல்லைக்கு எந்தப் பக்கத்திலேனும் முதற்கூட்டம் எழுந்துவிட்டால், குலையாத காற்று எவ்வளவாயிருந்தது என்பதை அளந்து நிறுவ முடியாது. 1974, 1976 உடன்படிக்கைகளின் எல்லைக்கோடு காற்றைத் தடுக்காது.

ஆகவே நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்பது இதுதான்: மன்னார்க் குடாவில் ஒரு மிதவை, பாக்கு நீரிணையில் ஒரு மிதவை, இயக்கும் பொறுப்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தோடு, பத்து நிமிடத்துக்கொன்றான அளவுகள் மாதந்தோறும் தமிழிலும் சிங்களத்திலும் வெளிவர வேண்டும், கரையில் அளக்கும் தனியார் கம்பங்களின் கணக்குகளும் அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். முழுதாக ஒரு சோழகமும் ஒரு வாடையும் அளந்து முடியும் வரையில், வடகடலின் ஒரு முழத்தையேனும் எவருக்கும் எழுதிக் கொடுக்கும் பத்திரம் அமைச்சரவைக்கு வரலாகாது. வரவு செலவுத்திட்ட விவாதத்தில் மின்சக்தி அமைச்சின் ஒதுக்கீடு எடுக்கப்படும் நாளில், இதனை எழுந்து கேட்பவர் யாரென்று பார்ப்போம்.