மூன்றாவது கண் யார் நெற்றியில்?

குன்னம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். டீக்கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்ததில் நாலு கேமரா. ஒன்று கோயிலைப் பார்க்கிறது, ஒன்று கடைத்தெருவை, ஒன்று பால் சொசைட்டியை. நாலாவது மெயின் ரோட்டில், சேரிப் பாதை வந்து ஏறுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சேரிக்குள் ஒன்றுகூட இல்லை. "எங்க தெருவுலயும் ஒண்ணு வைங்கன்னு கேட்டா, அங்க திருட்டுப் போறதுக்கு என்னடா இருக்குன்னு கேக்குறாங்கண்ணே" என்றான் கூட வந்த தம்பி. சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2011 கணக்கெடுப்புப்படி நூற்றுக்கு 31 பேர் நம் சனங்கள் இருக்கிற மாவட்டம் இது. காவல்துறை கேமராவை 'மூன்றாவது கண்' என்கிறது. நெற்றிக்கண் எரிக்கிற கண்ணாச்சே, யாரை எரிக்க என்றுதான் நாம் கேட்கிறோம்.

கேமராவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை தோழர்களே. ஓமலூர் கோகுல்ராஜை 2015 ஜூன் 23ஆம் தேதி திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கூட்டிப்போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடல். தற்கொலை என்று மூடியிருப்பார்கள். மூட முடியாமல் செய்தது கோயில் கேமரா. முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். பதிவு பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டின்போது நீதிபதிகளே திருச்செங்கோட்டுக்கு நேரில் வந்து, எந்தக் கேமரா எங்கே பார்க்கிறது என்று பார்த்துப் போனார்கள். 2023 ஜூன் 2ஆம் தேதி உயர்நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. இரண்டு பேருக்கு மட்டும் தண்டனை குறைந்தது.

உடுமலை சங்கரை 2016 மார்ச் 13இல் பட்டப்பகலில் வெட்டியதை நாடே டிவியில் பார்த்தது. அரிவாள் பிடித்த கை தெரிந்தது. ஏவியது யார் என்பது எந்தக் கேமராவிலும் விழாது. சதி நிரூபிக்கப்படவில்லை என்று கௌசல்யாவின் தந்தையை 2020 ஜூன் 22இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. ஐந்து பேரின் தூக்கு ஆயுளாக மாறியது. சாதி அரிவாளோடு மட்டும் வருவதில்லை. பஞ்சாயத்திலும் பங்காளி வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து பேசுகிறது. அங்கே லென்ஸ் கிடையாது.

அதே 2020 ஜூனில் சாத்தான்குளம். காவல் நிலையத்தில் கேமரா இருந்தது, 1 டெராபைட் ஹார்டு டிஸ்க்கும் இருந்தது. ஆனால் தினமும் தானாக அழிந்துபோகிற மாதிரி செட்டிங் வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். ஜெயராஜும் பென்னிக்சும் அடிபட்ட இரவு ஹார்டு டிஸ்க்கில் இல்லை. மானிட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் நம்மாளுக 'பதிவாகுது' என்று நம்பிவிடுகிறார்கள். திரையில் தெரிவது வேறு, டிஸ்க்கில் ஏறுவது வேறு. டிஸ்க்கையே கழற்றிவிட்டாலும் திரையில் பதினாறு கட்டமும் பளிச்சென்று தெரியும்.

நான் வங்கிக் குமாஸ்தா, கணக்குப் போடாமல் இருக்க முடியாது. விநாடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் ஒரு கேமரா நாளைக்கு ஏறக்குறைய 21 ஜிகாபைட் தின்னும். நாலு கேமரா, 1 டெராபைட் என்றால் பதினோரு பன்னிரண்டு நாள். எட்டுக் கேமரா என்றால் ஆறு நாள்கூடத் தாங்காது. அப்புறம் பழசின் மேலேயே புதுசு ஏறிவிடும். அழிக்க யாரும் மெனக்கெடவே வேண்டாம், தாமதம் போதும். அடிபட்டவன் ஸ்டேஷனுக்குப் போகிறான். மனு ரசீதைக் கையில் கொடுத்து 'விசாரிக்கிறோம், போ' என்கிறார்கள். வன்கொடுமைச் சட்டம் 18ஏ பிரிவு 2018இலேயே வந்துவிட்டது. முதல் தகவல் அறிக்கைக்கு முன்னால் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்கிறது. இருந்தும் ரசீதுதான் கிடைக்கிறது. பத்து நாள் அலைக்கழித்தால் டிஸ்க் தன் வேலையை முடித்துக்கொள்ளும்.

பணம் என்றால் கதையே வேறு. 2016இல் நோட்டு செல்லாமல் போனபோது நவம்பர் 8 முதல் டிசம்பர் 30 வரைக்குமான பதிவுகளைப் பத்திரமாக வைக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவு போட்டது. கவுன்ட்டரில் ஐந்நூறு ரூபாய் குறைந்தால் இன்றைக்கும் சாயங்காலத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிடுகிறோம். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி எடைமேடை ஏறினால் அதற்கும் பதிவு உண்டு.

2020 டிசம்பர் 2இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது: எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா, லாக்கப் உட்பட, ஒலியோடு, பதிவு 18 மாதம், குறைந்தது ஒரு வருசம் இருக்க வேண்டும், பொறுப்பு நிலைய அதிகாரிக்கு. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம், கேமராக்கள் வேலை செய்யவில்லை என்று தானாக வழக்கெடுக்க வேண்டி வந்தது. வன்கொடுமைச் சட்டத்தில் 15ஏ(10) என்று ஒரு உட்பிரிவு, 2016 சனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. வழக்கு நடவடிக்கை முழுவதையும் வீடியோவில் பதியச் சொல்கிறது. பாயல் தட்வி வழக்கில் 2019இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அதன்படி பதியச் சொன்னது. நம் பக்கத்து வக்கீல் தோழர்கள் எத்தனை பேர் இதைக் கேட்டு மனுப் போட்டிருக்கிறீர்கள்?

சம்பவம் நடந்த அன்றைக்கே, கேமரா வைத்திருக்கிற கடைக்காரருக்கும் ஸ்டேஷனுக்கும் எஸ்.பி.க்கும் 'இந்தத் தேதி, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை பதிவை அழியாமல் வையுங்கள்' என்று எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் போடுங்கள். பெட்டியின் கடிகாரம் தப்பாக ஓடும், எத்தனை நிமிசம் வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். திரையைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். கோர்ட்டில் சான்றிதழ் கேட்பார்கள். பழைய 65பி, 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. அது இல்லையென்றால் நகல் வெறும் சினிமா.

அந்தத் தம்பிக்கு மாதிரி மனு ஒன்று வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூடவே சேரிக்குள் ஒரு கேமரா கேட்டும் ஒரு மனு. அதன் பெட்டியும் மானிட்டரும் சேரிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அவனே ஒரு வரி சேர்த்துக்கொண்டான். வேண்டுகிற தோழர்கள் எழுதுங்கள், நகல் அனுப்புகிறோம்.