ராதாவை ஒரு வார்த்தை கேட்டீர்களா?



முக்கோணக் காதல் படம் என்றாலே நம்ம பெண்களுக்குப் புடவைத் தலைப்பு நனைந்துவிடும். ஒரு பெண், இரண்டு ஆண்கள். இரண்டு பேருமே நல்லவர்கள். கடைசியில் ஒருத்தன் 'தியாகம்' பண்ணுவான். நாமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "என்ன மனுஷன்டி!" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவோம். இந்தத் 'தியாக'த்தைப் பற்றித்தான் நம் பகுதியில் கொஞ்சம் மனசுவிட்டுப் பேசலாமென்று எழுதுகிறேன்.

இந்தி முக்கோணக் காதல் படங்களில் பெரிய பெயர் வாங்கியது 1964இல் வந்த 'சங்கம்'. ராஜ்கபூர் இயக்கி நடித்தது. அவர் இயக்கிய முதல் கலர் படம். கிட்டத்தட்ட 4 மணி நேரம் ஓடும், இரண்டு இடைவேளை! கதாநாயகி யார் தெரியுமா? நம்ம திருவல்லிக்கேணியில் பிறந்த வைஜயந்திமாலா. 1949இல் ஏவி.எம்.மின் 'வாழ்க்கை'யில் அறிமுகமானவர். 'சங்கம்' படத்துக்காக ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகை விருதும் வாங்கினார். எங்க வீட்டுக்காரரின் பெரியம்மாவுக்கு (நான் பெரியத்தை என்று கூப்பிடுவேன்) இப்போது எண்பது நெருங்குகிறது. ஒரு வார்த்தை இந்தி தெரியாமலேயே அந்தக் காலத்தில் இந்தப் படத்தை இரண்டு தரம் பார்த்தாராம்! அவருக்காகத்தான் என் பையன் செல்போனில் போட்டுக் காட்டினான். நானும் கூட உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன்.

கதை இதுதான். சுந்தர், கோபால், ராதா மூவரும் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள். சுந்தருக்கு ராதா மேல் ஆசை. ராதாவின் மனசோ கோபாலிடம். சுந்தர் விமானப் படையில் சேர்ந்து ஆபத்தான வேலைக்குப் போகிறான். போகும்போது, 'எனக்கும் ராதாவுக்கும் நடுவில் யாரையும் வரவிடாதே' என்று கோபாலிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போகிறான். அவன் இறந்துவிட்டதாகச் சேதி வருகிறது. கோபாலும் ராதாவும் நெருங்குகிறார்கள். கையெழுத்துப் போடாமல் கோபால் ஒரு காதல் கடிதம்கூட எழுதுகிறான். அந்த நேரம் பார்த்து சுந்தர் உயிரோடு திரும்பி வருகிறான். நட்புக்காகக் கோபால் ஒதுங்கிக்கொள்கிறான். ராதா சுந்தருக்கு மனைவியாகிறாள். அப்புறம் அந்தக் கடிதம் சுந்தர் கையில் கிடைக்கிறது. 'எழுதினவன் யார்?' என்று அவளைச் சித்திரவதை செய்கிறான். முடிவில் கோபால் உண்மையைச் சொல்லிவிட்டுத் துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொண்டு சாகிறான்.

படம் முடிந்ததும் பெரியத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோபால் மாதிரி ஒரு சிநேகிதன் கிடைப்பானா?" என்றார். எனக்கும் அழுகைதான். ஆனால் எனக்கு அழுகை வந்தது ராதாவுக்காக.

யோசித்துப் பாருங்கள் தோழிகளே. சத்தியம் கேட்டவன் ஒரு ஆண், கொடுத்தவன் ஒரு ஆண், விட்டுக்கொடுத்தவனும் ஆண், வாங்கிக்கொண்டவனும் ஆண். பேச்சு முழுக்க ராதாவைப் பற்றி. ஆனால் "உன் மனசில் என்னம்மா இருக்கு?" என்று அவளை யாராவது உட்கார வைத்துக் கேட்டார்களா? இல்லையே! இவ்வளவுக்கும் சுந்தர் கெட்டவன் இல்லை, வெகுளி. கோபால் தங்கமான மனுஷன். நல்லவர்கள் இரண்டு பேர் சேர்ந்தே ஒரு பெண்ணின் வாழ்க்கையை இப்படி ஆக்க முடிகிறதே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நம்ம கையில் இருப்பதை எடுத்துக் கொடுத்தால் அது தானம். அடுத்த வீட்டு நகையை எடுத்துத் தானம் பண்ணினால் அதற்குப் பெயர் வேறு. ராதாவின் மனசு கோபாலின் சொத்தா, சிநேகிதனுக்கு எடுத்துக் கொடுக்க? அவன் ஒதுங்கிக்கொண்டது அவனுக்குத் தியாகமாக இருக்கலாம். ஆனால் அதற்கு விலை கொடுத்தவள் ராதா. முதலில் காதலை இழந்தாள். பிறகு செய்யாத குற்றத்துக்காக, கட்டினவனின் சந்தேகத்துக்கும் பதில் சொன்னாள்.

இந்திப் படம்தான் இப்படி, தமிழ் மேல் என்று சொல்லவும் வழியில்லை. இந்த விஷயத்தில் நாம் அவர்களுக்கே கதை கொடுத்தவர்கள்! 1962இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' அடுத்த வருஷமே அவர் கையாலேயே 'தில் ஏக் மந்திர்' என்று இந்திக்குப் போனது. புற்றுநோயில் கிடக்கும் கணவன், வைத்தியம் பார்க்கும் டாக்டர்தான் மனைவியின் பழைய காதலன் என்று தெரிந்ததும், 'எனக்கு ஏதாவது ஆனால் நீ அவரைக் கல்யாணம் பண்ணிக்கொள்' என்கிறான். எவ்வளவு பெரிய மனசு! ஆனால் அங்கேயும் அவளைக் கேட்கவில்லை, அவளுக்குச் சொல்கிறான். அந்தப் பேச்சு அவளை எப்படிக் குத்தியது என்பதைத் தேவிகா முகத்தில் பார்த்திருப்பீர்கள்.

1981இல் பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' வந்தது. அதையும் 1983இல் 'வோ சாத் தின்' என்று இந்தியில் எடுத்தார்கள். முதலிரவில் உயிரை விடப் பார்த்த பெண்ணைக் காப்பாற்றி, அவள் கதையைக் காது கொடுத்துக் கேட்கிறாரே அந்த டாக்டர் கணவர், அவருக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன். கேட்டதோடு நிற்காமல் காதலனையும் தேடிப் பிடித்து அழைத்து வருகிறார். ஆனால் வந்த பாலக்காட்டு மாதவன், இன்னொருவர் மனைவியாகிவிட்டவளை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். அப்போது தியேட்டரே கைதட்டியது என்பார்கள். அவனுடைய நியாயம் அவனுக்கு. அதுவும் அவள் சார்பில் இன்னொருவர் எடுத்த முடிவுதானே?

1999இல் சஞ்சய் லீலா பன்சாலியின் 'ஹம் தில் தே சுகே சனம்' வந்தது. ஐஸ்வர்யா ராய், சல்மான் கான், அஜய் தேவ்கன் நடித்தது. அதிலும் கணவனே மனைவியை அவள் காதலனிடம் சேர்க்க இத்தாலி வரைக்கும் அழைத்துப் போகிறான். இந்தத் தடவை முடிவை அவள் எடுக்கிறாள். கணவனே போதும் என்று திரும்பி வருகிறாள். அவள் முடிவு சரியா தப்பா என்று நான் பேச வரவில்லை. அவள் காலால் அவளே நடந்து வந்தாள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

இப்போது நான்கு படத்தையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒன்றில்கூட, தாலி ஏறுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணைக் கேட்டு, அவள் சொன்னபடி கல்யாணம் நடக்கவில்லை! கேட்டவர்களும் கழுத்தில் ஏறின பிறகுதான் கேட்டார்கள். முன்னாடியே கேட்டிருந்தால் படமே இல்லையே என்று நீங்கள் சிரிக்கலாம். படத்துக்குச் சரி. குடும்பத்துக்கு?

"சினிமாவைப் பார்த்து யாரும்மா குடும்பம் நடத்தறாங்க?" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் நாத்தனார் மகளுக்கு 23 வயசு. எங்க எஸ்டேட் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். முறைப்பையன்கள் இரண்டு பேர், அண்ணன் தம்பி. பெரியவனுக்குத்தான் என்று பேச்சு இருந்தது. பிறகு சின்னவனுக்கும் இவள் மேல் விருப்பம் என்று தெரிந்ததாம். உடனே பெரியவன் ஒதுங்கிவிட்டான். "தம்பிக்காக விட்டுக்கொடுத்துட்டான்பா, என்ன குணம்!" என்று கூடத்தில் பெரியவர்கள் மெச்சி மாளவில்லை. பஸ்ஸில் சீட்டு விட்டுக்கொடுத்த மாதிரி பேசினார்கள். அவர்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தவளே அந்தப் பெண்தான்!

மாடியில் வடாம் எடுக்கும்போது தனியாகக் கேட்டேன். "அத்தை, ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோவம் இல்ல. ஆனா இன்னும் ஒரு வருஷம் போகட்டும்னு நெனச்சேன். என்னை யாரு கேட்டா?" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

அன்று ராத்திரியே எங்க வீட்டுக்காரரிடம் சொன்னேன். தாய்மாமன் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டல்லவா? "சீர் தூக்கிட்டு வர்றவன் நான், பொண்ணு சரின்னு சொல்லட்டும், அப்புறம் தட்டு மாத்திக்கலாம்" என்று மறுநாளே போய்ச் சொல்லிவிட்டார். பேச்சு இப்போதைக்கு நிற்கிறது. 'வந்த மருமகள் குடும்பத்தில் குட்டையைக் குழப்புகிறாள்' என்று சிலருக்கு என் மேல் வருத்தம். இருக்கட்டும். இப்போது ஒரு வருத்தம் பரவாயில்லை, பிறகு அவள் காலமெல்லாம் படுவதைவிட.

சர்ச்சில் நடக்கும் கல்யாணத்தைப் பார்த்திருப்பீர்கள். பாதிரியார் மாப்பிள்ளையையும் பெண்ணையும் சபை நடுவே தனித்தனியாகச் சம்மதம் கேட்பார். முஸ்லிம் வீட்டு நிக்காஹ்விலும் பெண்ணின் சம்மதம் கேட்கும் வழக்கம் உண்டு. நம்ம மணவறையில் மேளச் சத்தத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. அதனால் நாம் வீட்டிலேயே கேட்டுவிட வேண்டியதுதான். சட்டமும் சும்மா இல்லை. 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டப்படி, பலவந்தமாகச் சம்மதம் வாங்கி நடத்திய கல்யாணத்தை ரத்து செய்யக் கோர்ட்டில் கேட்கலாம். ஆனால் கோர்ட்டுப் படி ஏறும்வரை விடுவானேன்?

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது சகோதரிகளே. நாலு பேர் நடுவில் நிறுத்தி, "உனக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டால் எந்தப் பெண்ணும் தலையைத்தான் ஆட்டுவாள். அது கேள்வியே இல்லை. தனியாக, அவளுக்கு நெருக்கமானவர் கேட்க வேண்டும். அத்தையோ, சித்தியோ, அக்காவோ. பதில் சொல்ல நாலு நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். 'வேண்டாம்' என்றால் வீட்டில் சாப்பாடு தண்ணி நிறுத்தி அழுகை வைக்கக் கூடாது. 'வேண்டாம்' சொல்ல இடமில்லாத வீட்டில் 'சரி' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு?

"சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்?" என்பார்கள். ஒரு குடும்பத்தையே சுமக்க அவளுக்கு வயது வந்துவிட்டது என்கிறோம். தன் மனசைச் சொல்ல மட்டும் வயது வரவில்லையா?

ஆண்கள் விட்டுக்கொடுப்பதைப் பார்த்துக் கைதட்டும் முன்னால், விட்டுக்கொடுத்தது யாருடைய வாழ்க்கை என்று ஒரு நிமிஷம் பார்ப்போம். உங்கள் வீட்டிலும் இந்த ஆவணியிலோ தையிலோ கல்யாணப் பேச்சு எழலாம். ஜாதகத்தை எடுப்பதற்கு முன்னால் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். என்ன சொல்கிறீர்கள் தோழிகளே?

- ஓர் இல்லத்தரசி,
மேனாம்பேடு, சென்னை.