கறுப்பனுக்கு எங்கே கூடாரம்?



நான்காம் ஆண்டு மாணவர்களிடம் 'விடுமுறையில் நான்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். வழக்கமான தலைப்பு, வழக்கமான கட்டுரைகள்தாம் வந்தன. பாட்டி வீடு, பத்துமலை, பேரங்காடி, திரையரங்கு. அவற்றுக்கு நடுவே ஒரு சிறுமி ஒன்பது வரிகளில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

குடும்பத்தோடு கடலோரத்தில் கூடாரம் அடித்துத் தங்கப் போனார்களாம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால் கறுப்பனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்களாம். முகாம் வாசலில் நாய்க்கு அனுமதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். பணம் கட்டியாகிவிட்டது, சித்தப்பா குடும்பம் உள்ளே காத்திருக்கிறது. அப்பா சற்றுத் தொலைவில் ஒரு செம்பனை மரத்தடியில் கறுப்பனைக் கட்டி, சோறும் தண்ணீரும் வைத்துவிட்டு வந்தாராம். இரவில் போய்ப் பார்த்தபோது இருந்ததாம். காலையில் கயிறு மட்டும் கிடந்ததாம். "நாங்கள் கடலில் குளித்தோம். மகிழ்ச்சியாக இல்லை" என்று கட்டுரை முடிந்திருந்தது.

எந்த முகாம் என்று எழுதப்போவதில்லை. அவர்கள் தங்கள் விதியைத்தான் சொன்னார்கள். அந்தத் தந்தைமீது சினம் கொள்ளவும் என்னால் இயலவில்லை. நள்ளிரவில் எழுந்து போய்ப் பார்த்த மனிதர் அவர். ஆனால், இப்படி ஒரு நிலை ஏன் வந்தது என்பதை ஆசிரியர்களும் பெற்றோர்களும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அங்கே நாய் ஒரு வீட்டின் நாயன்று, லயத்தின் நாய். தைப்பூசத்திற்கு மூன்று நாள் பத்துமலைக்குப் போனாலும், பூட்டிய வீட்டுத் திண்ணையில் அது படுத்திருக்கும். பக்கத்து வீட்டு அத்தை மிஞ்சிய சோற்றைப் போடுவார். எதிர் வீட்டுப் பிள்ளைகள் கூப்பிட்டு விளையாடுவார்கள். 'நாயை எங்கே விடுவது?' என்ற கேள்வியே எழுந்ததில்லை.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பந்திங் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தன. நாயும் கூடவே வந்தது. அத்தை வரவில்லை! பக்கத்து வீட்டு இரும்புக் கதவு எந்நேரமும் பூட்டியிருக்கிறது; அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆகவே விடுமுறை வந்தால் நாய் வண்டியில் ஏறுகிறது. வளர்ப்புப் பிராணியோடு முகாமிடுவதைப் பணக்காரர்களின் புதுப்பழக்கம் என்று சிலர் நகைக்கிறார்கள். நம் மக்களைப் பொறுத்தவரை, அஃது அத்தை இல்லாமற் போனதால் வந்த தேவை.

முகாமிடுவது நம்மவரிடையே பரவியதும் அண்மையில்தான். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு, திறந்த வெளிக்கு ஏங்கிய குடும்பங்கள் கூடாரம் வாங்கின. விடுதி அறைக்கு ஆகும் செலவில் கால் பங்கில் பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் ஒன்றாகத் தங்கலாம். பிள்ளைகள் கைப்பேசியை மறந்து மண்ணில் விளையாடுவார்கள். வரவேற்கிறேன். ஆனால் நாய்க்கு இடம் தரும் முகாம்கள் குறைவு. ஜண்டா பாய்க், உலு லங்காட் பக்கம் தனியார் நிலங்கள் சிலவற்றில் அனுமதிக்கிறார்கள். நம் கோல லங்காட் கடற்கரைப் பக்கத்திலிருந்து அங்கே போவதென்றால் நெடுநேரம் பிடிக்கும்.

இதற்குத் தீர்வு என்ன? மோரிப் கடற்கரையிலேயே நாய்களை அனுமதிக்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். எனக்கு உடன்பாடில்லை. நானும் நாய் வளர்ப்பவள்தான், ஆனாலும் உடன்பாடில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் மோரிப்புக்குப் போய்ப் பாருங்கள். சவுக்கு மரத்தடியில் பாய் விரித்து, பாத்திரங்களைத் திறந்து வைத்துக் குடும்பம் குடும்பமாக உண்டுகொண்டிருப்பார்கள். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். நாயின் ஈர மூக்கு பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அவர்களது சமய நெறி. தொழுகைக்கு உடுத்தும் துணியில் நம் நாய் உரசிவிட்டு ஓடினால், 'அது கடிக்காதுங்க' என்று நாம் சிரிப்பது பொருத்தமாகுமா? கடிப்பதைப் பற்றி அங்கே யாரும் கேட்கவே இல்லையே! 2014ஆம் ஆண்டு அக்டோபரில் பண்டார் உத்தாமாவில் நாயைத் தொட்டுப் பழகும் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. நல்லெண்ணத்தோடு நடத்தப்பட்டதுதான். அதைத் தொடர்ந்து நாடெங்கும் எழுந்த சர்ச்சையை நினைவில் வைத்திருப்பவர்கள், பொது இடத்தில் இந்த விவகாரம் எவ்வளவு நுட்பமானது என்பதை அறிவார்கள். நம்மவரிலும் நாயைக் கண்டால் நடுங்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கும் அந்தக் கடற்கரை சொந்தம்.

(இன்னொரு காரணமும் உண்டு. 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் நேசப் படைகள் மோரிப்பில் கரையிறங்கியபோது அவர்களது வாகனங்களே சேற்றில் புதைந்துபோயின. அந்தச் சேற்றில் புரண்டெழுந்த நாயைக் கழுவி வண்டியில் ஏற்றிப் பாருங்கள், தெரியும்!)

பொதுக் கடற்கரை பொதுவாகவே இருக்கட்டும். நான் கேட்பது வேறு. வேலி போட்ட தனியார் நிலத்தில், நாயோடு வருவோர்க்கென்றே ஒதுக்கிய முகாம்கள் நம் வட்டாரத்தில் வர வேண்டும். பழத்தோட்டம், சிறு செம்பனை நிலம், பழைய கோழிப்பண்ணை என்று இங்கே இடத்திற்குப் பஞ்சமில்லை. நம்மவர் கையிலும் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று நிலம் இருக்கிறது. விளைச்சலுக்கு அப்பால் ஒரு வருமானமும் ஆயிற்று.

நாயோடு முகாமிடும் பழக்கம் வேரூன்றிய நாடுகள் இதை எப்படி நடத்துகின்றன என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதி, அயோவா, இந்தியானா போன்ற மாநிலங்கள், நம் ஊரைப் போல வேளாண்மை நிலங்கள் நிறைந்த நாட்டுப்புறம். இங்கே செம்பனை, அங்கே சோளம். வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு நாயோடு ஊர் சுற்றும் குடும்பங்கள் அங்கே ஏராளம். 1962ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கே.ஓ.ஏ. என்ற முகாம் நிறுவனம், தன் முகாம்கள் பலவற்றில் நாய்கள் அவிழ்த்துவிடப்பட்டு ஓடுவதற்கென வேலியிட்ட திடல் வைத்திருக்கிறது. அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களில் நாயின் கயிறு ஆறு அடிக்கு மேல் இருக்கக் கூடாது. சில பூங்காக்களில் நாய்க்கே 'வனக்காவலர்' பட்டம் கொடுக்கிறார்கள்! அதன் எச்சத்தைப் பையில் எடுப்பேன், எப்போதும் கயிற்றில் பிடிப்பேன், காட்டு விலங்குகளை மதிப்பேன், எங்கே போகலாம் எங்கே போகக் கூடாது என அறிந்திருப்பேன் என்ற நான்கு உறுதிமொழிகளை உரிமையாளர் ஏற்க வேண்டும். ஆங்கிலத்தில் இந்த நான்கின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'குரை' என்று பொருள்படும் சொல் வரும். ஆசிரியர் ஒருவர்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஐயம்.

இதில் நான் கண்டது என்னவென்றால், அவர்கள் நாயின்மேல் வைத்த அன்பை விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். நாமோ அன்பை மட்டும் வைத்திருக்கிறோம்.

அங்குள்ள விதிகளை அப்படியே இங்கே ஒட்டிவிடவும் முடியாது. நம் மண்ணின் ஆபத்துகள் வேறு. கறுப்பனைக் கட்டிய செம்பனை மரத்தடியையே எடுத்துக்கொள்வோம். செம்பனைக் குலைகளைத் தின்னும் எலிகளைக் கொல்ல, மரத்தடியில் மெழுகுக் கட்டி போன்ற எலி மருந்தை வைப்பது வழக்கம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சு அது. தின்ற நாய் உடனே சாகாது. இரண்டு மூன்று நாள் கழித்து உள்ளுக்குள் இரத்தம் கசிந்து துவண்டு விழும். மருந்து வைத்த எலியைத் தின்றாலும் கேடுதான். ஆகவே செம்பனை நிலத்தில் முகாம் நடத்துபவர், முகாம் பகுதியில் மருந்து வைப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். வருகிறவர்களிடம் அதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். மலைப்பாம்பு, குரங்குக் கூட்டம், பாசி மூடிய வடிகால் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெருப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோல லங்காட்டில் பல இடங்களில் நிலம் கரிச்சதுப்பு. மக்கிய மரமும் வேரும் அடுக்கடுக்காகப் படிந்த மண். மேலே நீர் ஊற்றி அணைத்த நெருப்பு, அடியில் நாள்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். வறட்சிக் காலத்தில் ஜொஹான் செத்தியா பக்கமிருந்து வரும் புகையை முகர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அத்தகைய நிலத்தில் வெறுந்தரையில் தீ மூட்டினால், வெறுங்காலோடு ஓடும் பிள்ளைக்கும் நாய்க்கும் அது பொறி. இரும்புத் தொட்டியில் மூட்டுங்கள். இல்லையேல் அடுப்புக்கரியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அனுமதி இல்லாமல் முகாம் நடத்துவதை மட்டும் நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் பத்தாங் காலியில் நள்ளிரவுக்குப் பின் மண் சரிந்து, கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்த 31 பேர் மாண்டனர். கோலாலம்பூர்ச் சீனப்பள்ளி ஒன்றின் ஆசிரியர்களும் அவர்கள் குடும்பத்தினரும் அவர்களுள் இருந்தனர். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு வந்தவர்கள். பண்ணை நடத்த அனுமதி இருந்தது, முகாம் நடத்த அனுமதி இல்லை என்று அதிகாரிகள் அப்போது தெரிவித்தார்கள். நம் கடற்கரைச் சமவெளியில் சரிவதற்கு மலை இல்லை, ஜுக்ரா குன்றைத் தவிர. ஆனாலும் நகராண்மைக் கழகத்தின் தாளை வாங்கிப் பார்க்காமல் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். நாய் ஏற்கப்படுமா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது.

பெற்றோர் தரப்பிலும் சில கடமைகள் உண்டு. நாய்க்கு உரிமம் எடுத்துக் கழுத்தில் வில்லையை மாட்டுங்கள். கறுப்பனின் கழுத்தில் அஃது இருந்திருந்தால் ஒருவேளை யாராவது அழைத்திருப்பார்கள். தடுப்பூசி அட்டையைக் கொண்டுபோங்கள். 2015ஆம் ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் கண்டது. 2017 முதல் சரவாக்கில் உயிர்கள் போயின. 'நம் ஊரில் இல்லையே' என்று இருந்துவிடலாகாது. தெரிந்தே ஒரு விலங்கைத் துன்புறுத்துவோருக்கு, 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி இருபதாயிரம் முதல் ஒரு இலட்சம் வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம். அடுத்து, முகாம் வண்டிகளை வாடகைக்கு எடுப்போர் கவனிக்க: நாயை உள்ளே அடைத்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். நம் வெயிலில் அரைமணி நேரத்தில் வண்டிக்குள் வெப்பம் ஐம்பது பாகையை நெருங்கிவிடும்.

எல்லா நாய்களும் முகாமுக்கு ஏங்குகின்றன என்று எண்ணுவதும் தவறு. என் வீட்டுக் கிழநாய் புது இடத்தில் இரவெல்லாம் முனகும். அதற்கு வீடே சொர்க்கம். அதனால் நானும் எதிர் வீட்டுச் சீனப் பாட்டியும் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். அவர் பினாங்குக்குப் போனால் அவருடைய பூனைக்கு நான் சோறு வைப்பேன்; நான் ஊருக்குப் போனால் என் நாய்க்கு அவர் வைப்பார். அத்தை கிடைத்துவிட்டார், மொழிதான் வேறு.

சென்ற வாரம், பழத்தோட்டம் வைத்திருக்கும் எங்கள் உறவினர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒரு மூலையில் அரை ஏக்கரை வேலியடைத்து ஐந்தாறு கூடாரங்களுக்கு விடலாமே என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"நாய்க்கும் காசு வாங்கலாமா, டீச்சர்?"

"தாராளமா வாங்குங்கண்ணே. வேலிக்கு ஆகுற செலவு இருக்கே."

சிறிது நேரம் பேசாமலிருந்தார். வேலிக்கு அப்பால் கம்பத்து வீடு ஒன்று இருக்கிறது. முப்பது ஆண்டுகளாகப் பழக்கம். நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் வீட்டு லெமாங் இவர் வீட்டுக்கு வரும். தீபாவளிக்கு இவர் வீட்டு முறுக்கு அங்கே போகும். "முதல்ல பாக் சிக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன். அவரு சரின்னா நகராண்மைக் கழகத்துக்குப் போவோம். இல்லேன்னா வேலிய அந்தக் கோடிக்குத் தள்ளணும்" என்றார்.

டுரியான் பருவம் முடிந்ததும் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இவ்வட்டாரத்தில் வேறு யாரேனும் இப்படி இடம் வைத்திருந்தால் எனக்கு எழுதுங்கள். ஒன்பது வரி எழுதிய அந்தச் சிறுமியின் வீட்டில், இப்போது ஒரு குட்டி வந்திருக்கிறதாம். பழுப்பு நிறம். பெயர் இன்னும் வைக்கவில்லை என்கிறாள்.