நம் ஊர்த் தண்ணீரைப் பார்த்தீர்களா?



சீனாவில் ஷாங்காய் நகருக்கு அருகே ஜோஜுவாங் என்ற ஊர் உள்ளது. 900 ஆண்டுப் பழமையானது. அங்கே வாய்க்கால்களே தெருக்கள்! வீட்டுப் படியிறங்கினால் படகு. வெளியூர்ப் பயணிகள் தாங்களாகவே கல்பாலங்களில் நடந்து, நின்று நிதானமாக ரசிக்கிறார்கள்.

நம்முடையதோ மழை குறைந்த பூமி. பட்டாசும் தீப்பெட்டியும் நன்றாகக் காய்வது அதனால்தான். மழை குறைவு என்பதாலேயே நம் முன்னோர் சொட்டுநீரையும் வீணாக்கவில்லை. விருதுநகர் கடைவீதி நடுவே தெப்பக்குளம் வெட்டினார்கள்; ஊர்தோறும் ஊருணியும் கண்மாயும் அமைத்தார்கள்.

ஞாயிறன்று பெரியவர்களுடன் உங்கள் ஊர்க் குளத்தைச் சுற்றி வாருங்கள். மழைநீர் எந்த வழியாக வருகிறது? அங்கே குப்பை அடைத்திருக்கிறதா? நோட்டில் குறித்து, வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். வரத்துக்கால்வாய் அடைபட்டால், பெய்த மழையும் நமக்கில்லை!