வீரத்துக்குப் பரிசு சரி, அடிபட்ட சனத்துக்கு?

2004 அக்டோபர் 18 ராத்திரி பாப்பாரப்பட்டி பக்கத்துல வீரப்பனை அதிரடிப்படை சுட்டுக் கொன்னுச்சு. படையில இருந்த ஒவ்வொருத்தருக்கும் 3 லட்சம் ரூபாய், வீட்டுமனை, பதவி உயர்வுன்னு முதல்வர் ஜெயலலிதா சுருக்கா அறிவிச்சாங்க. அதைக் குறை சொல்லல. 1993-ல பாலாறு கண்ணிவெடியில 22 பேர் செத்த காடு அது. உசுரைப் பணயம் வச்சவங்களுக்குக் கொடுக்கத்தான் வேணும்.

ஆனா அதே வேட்டையில விசாரணைன்னு இழுத்துட்டுப் போய் சித்திரவதை பண்ணின மலைச் சனத்துக்கு? சதாசிவா குழு விசாரிச்சு முடிச்சு, 2007-லதான் 89 பேருக்கு 2.80 கோடி நிவாரணம் கொடுக்கச் சொல்லுச்சு மனித உரிமை ஆணையம்.

பரிசு கொடுக்க எந்தக் குழுவும் தேவைப்படல. அடிபட்டவன் மட்டும் சாட்சி சொல்லி, வருசக்கணக்கா காத்துக் கிடக்கணுமாம். இது எந்த ஊரு நியாயம்? அடுத்த தடவை பதக்கம் குத்துற மேடையில அந்தச் சனத்துக்கும் ஒரு நாற்காலி போடுங்கய்யா.