ஆறு பேருக்கு ஒரு மூத்தவர்

கல்லூரி வாயில்களிலும் விடுதிச் சுவர்களிலும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ராகிங் எச்சரிக்கைப் பலகைகளுக்கு அடிப்படையான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில், அதிகம் பேசப்படாத விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு கல்வியாண்டின் முடிவிலும், அடுத்த ஆண்டு வந்து சேரவிருக்கும் புதியவர்களுக்குத் துணைநிற்கத் தாமே முன்வரும் மாணவர்களைக் கொண்டு ஒரு வழிகாட்டிப் பிரிவு அமைக்கப்பட வேண்டும் என்றும், ஆறு புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டியும், அத்தகைய ஆறு வழிகாட்டிகளுக்கு அவர்களைவிட மூத்த ஒரு வழிகாட்டியும் இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.

இந்த விதிக்குப் பின்னால் உயிரிழப்புகள் இருக்கின்றன. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதன் அதிர்ச்சியில் தமிழ்நாடு 1997-இல் ராகிங் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. சிபிஐ முன்னாள் இயக்குநர் ஆர்.கே. இராகவன் தலைமையில் உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதலால் அமைந்த குழு 2007-இல் அறிக்கை அளித்தது. 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் இறந்தபின் மேற்சொன்ன ஒழுங்குமுறைகள் வந்தன. தண்டனைப் பகுதி தேவையானது, அது இன்னும் கண்டிப்பாக நடைமுறைக்கு வர வேண்டியது. ஆனால் புதியவர்களுக்குத் தனி விடுதி, கூடுதல் கண்காணிப்பு எனப் பிரித்துவைப்பதோடு கல்லூரி நின்றுவிடும்போது, கொடுமைக்கான வாய்ப்பு குறைவதுடன் மூத்தவர்களிடமிருந்து இளையவர்களுக்கு இயல்பாக வந்து சேர வேண்டிய அறிவின் வழியும் அடைபட்டுவிடுகிறது.

அந்த இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவினதன்று. பெற்றோரோ அண்ணன் அக்காவோ கல்லூரி சென்ற வீட்டிலிருந்து வருபவருக்கு, வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வெழுத முடியாமல் போகலாம் என்பதும், அகமதிப்பீட்டு மதிப்பெண் சிறுகச் சிறுகச் சேர்வது என்பதும், முதல் பருவத்தில் விழும் ஓர் அரியர் வாழ்க்கையின் முடிவன்று என்பதும் வீட்டிலேயே தெரிந்துவிடுகின்றன. குடும்பத்தின் முதல் பட்டதாரியாக, பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்து, முதல் நாளே ஆங்கில விரிவுரையின் முன் அமரும் மாணவருக்கு இவற்றைச் சொல்ல மூத்த மாணவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. ஆசிரியரிடம் கேட்கக் கூசும் கேள்வியை ஓர் அண்ணனிடமோ அக்காவிடமோ கேட்டுவிட முடியும்.

எனினும், மூத்தவர் என்பதே ஒருவரை வழிகாட்டியாக்கிவிடாது. பயிற்சியின்றி அனுப்பப்படும் நல்ல மனத்தினர் பெரும்பாலும் செய்யும் பிழை, கேட்டு முடிப்பதற்கு முன்பே அறிவுரை சொல்லத் தொடங்குவதாகும். ஆகவே பயிற்சியின் முதற்பாடம் குறுக்கிடாமல் கேட்பது. அடுத்தது, தம் அனுபவத்தையே எல்லோருக்குமான விதியாகக் கொள்ளாமல், மாணவர் தாமாக முடிவெடுக்கத் தேவையான கேள்விகளைக் கேட்பது. சாதி, ஊர், நுழைவுத்தேர்வு மதிப்பெண், இடஒதுக்கீட்டுப் பிரிவு ஆகியவற்றை விசாரிக்கக் கூடாது என்பது வெளிப்படையாகக் கற்பிக்கப்பட வேண்டும். பல வளாகங்களில் அவமதிப்பு அக்கேள்விகளில்தான் தொடங்குகிறது. எடுபிடி வேலை வாங்குதல், பணம் பெறுதல், நள்ளிரவில் அறைக்கு அழைத்தல் போன்றவற்றை உதவியின் பெயராலும் ஏற்க முடியாது என்பதில் ஐயத்திற்கு இடமிருக்கக் கூடாது, ஏனெனில் அதிகாரம் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வரக்கூடியது.

பாட உதவிக்கு நன்கு வேரூன்றிய ஒரு முறை, அமெரிக்காவின் மிசௌரி–கான்சாஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் 1973-இல் டியானா மார்ட்டின் உருவாக்கிய துணைக்கற்பித்தல் முறையாகும். தோல்வியடையக்கூடிய மாணவர்களை அடையாளம் காண்பதை விடுத்து, பலர் தடுமாறும் பாடங்களை அடையாளம் கண்டு, அப்பாடத்தைப் படிக்கும் எவரும் வரலாம் என்று கதவைத் திறந்துவைத்ததுதான் அதன் சிறப்பு. உதவி பெறுவது இதனால் தாழ்வின் அடையாளம் ஆகவில்லை. முன்பே அப்பாடத்தில் நன்கு தேறிய மாணவர் மறுபடியும் வகுப்பில் அமர்ந்து குறிப்பெடுத்து, பின்னர் நடக்கும் கூட்டத்தில் பாடத்தைத் திரும்ப நடத்தாமல், வந்தவர்களைத் தம் குறிப்புகளை ஒப்பிடவும் ஒருவருக்கொருவர் விளக்கவும் வைக்கிறார். முதல் பருவக் கணிதத்தில் பலர் தடுமாறும் பொறியியல் கல்லூரிகளுக்கு இது நேரடியாகவே பொருந்தும்.

பயிற்சியில் மிகக் கடினமான பகுதி, எங்கே நிறுத்துவது என்பதைக் கற்பிப்பது. பத்தொன்பது வயது வழிகாட்டி மனநல மருத்துவர் அல்லர். பகிரப்பட்டவற்றைப் பிறரிடம் சொல்லாமல் காப்பது அவருடைய கடமை. ஆனால் தற்கொலை எண்ணம், பாலியல் துன்புறுத்தல், ராகிங் ஆகியவை தெரியவந்தால் தனியே சுமக்கக் கூடாது என்பதும், இந்த வரம்பை முதற்சந்திப்பிலேயே புதியவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதும் அவருக்குத் தெளிவாகப் புரிந்திருக்க வேண்டும். கல்லூரி ஆலோசகர், உள்ளகப் புகார்க் குழு, டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, ராகிங் புகார் எண் 1800-180-5522 ஆகியவை அவருடைய கைபேசியில் இருக்க வேண்டும்.

ஒழுங்குமுறையின் இரண்டாம் அடுக்கு பொருள்படுவதும் இங்கேதான். ஆறு பேரின் கவலைகளைக் கேட்கும் மாணவர் தம்முடைய சோர்வையும் ஐயங்களையும் கொண்டுசெல்ல, வாரம் ஒருமுறையாவது அமர்ந்து பேசும் ஓர் இறுதியாண்டு மாணவரும், அவருக்கு மேலே பொறுப்பேற்கும் ஓர் ஆசிரியரும் தேவை. கல்வியாண்டின் முடிவிலேயே இப்பிரிவை அமைக்க வேண்டும் என்ற விதியின் பயனும் இதுவே: தேர்வு செய்வதற்கும் ஒத்திகை பார்ப்பதற்கும் கோடை விடுமுறை கையில் இருக்கிறது, சேர்க்கை முடிந்தபின் அறிவிப்புப் பலகையில் பெயர்ப்பட்டியல் ஒட்டும் கல்லூரிக்கு அந்தக் காலம் கிடைப்பதில்லை.